தூக்குவாளியில் தொடங்கும் நோன்பு

சின்னப் பிள்ளைகளிடம் ரமலான் நோன்பைச் சட்டதிட்டமாகச் சொல்லிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் ஓடிவிடுவார்கள். கீழக்கரையில் எங்களுக்குக் கண்ணும் மூக்கும் வயிறும்தான் முதல் உஸ்தாது (ஆசிரியர்). அந்த வழியிலேயே போவோம்.

1. பிறை பாருங்கள். ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஃபானின் 29ஆம் நாள், மஃரிபுக்கு (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை நேரம்) கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். பிள்ளைகள் கடலையே பார்த்து நிற்பார்கள். நம் கடல் தெற்கே, பிறை மேற்கே, திருப்பி நிறுத்துங்கள். எங்குமே பிறை தெரியவில்லையா, ஷஃபானுக்கு 30 நாள். நாளை மறுநாள்தான் முதல் நோன்பு.

2. அரை நோன்பு வைக்கட்டும். பருவம் அடையாத பிள்ளைகளுக்கு நோன்பு கடமையில்லை. ஆசைப்பட்டால் ஸஹருக்கு (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) எழுப்பிச் சாப்பிட வைத்து, லுஹர் பாங்கு (நண்பகல் தொழுகை அழைப்பு) வரை விடுங்கள். நடுவில் தண்ணீர் கேட்டால் கொடுத்துவிடுங்கள். என் முதல் அரை நோன்பில் பத்து மணிக்கே குளியலறையில் ஒளிந்து தண்ணீர் குடித்தேன். ஈர வாயோடு வந்தவனை உம்மா ஒன்றும் கேட்கவில்லை.

3. கஞ்சி காய்ச்சுங்கள். முஸ்லிம் அல்லாத வீட்டார் இங்கிருந்தே தொடங்கலாம். ஐந்தாறு பேருக்குப் பச்சரிசி நொய் 1 டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர், வெந்தயம் 1 டீஸ்பூன். நொய் இல்லையென்றால் அரிசியை மிக்ஸியில் ஒரு சுற்று விடுங்கள். பூண்டு உரிப்பதும் புதினா ஆய்வதும் பிள்ளைகள் வேலை. குக்கரில் எண்ணெய் விட்டுப் பட்டை, கிராம்பு, ஏலக்காய், வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, மல்லி, புதினா என வரிசையாக வதக்குங்கள். கறி சேர்ப்பதென்றால் கொத்துக்கறி 100 கிராம் போதும். அதில் நொய், பருப்பு, வெந்தயம், 8 டம்ளர் தண்ணீர், உப்பு, ஐந்து விசில். கரண்டியால் மசித்து, கடைசியில் தேங்காய்ப்பால் ஒரு டம்ளர் ஊற்றி இறக்குங்கள். அதற்கு மேல் கொதித்தால் பால் திரிந்துவிடும். வெந்தயத்தை மட்டும் கூட்டாதீர்கள், கசந்தால் பிள்ளைகள் மறுநாள் தொடமாட்டார்கள்.

4. தூக்குவாளியைக் கையில் கொடுங்கள். அஸருக்குப் (மாலைத் தொழுகை) பிறகு பள்ளிவாசலில் கஞ்சி வாங்க வாளியோடு வரிசையில் நிற்பதுதான் இந்தக் கரையில் பிள்ளைகளின் பெரிய உத்தியோகம். வீட்டில் காய்ச்சியதையும் பக்கத்து வீட்டுக்கு அவர்களே கொண்டுபோகட்டும். முக்கால் வாளிதான் ஊற்ற வேண்டும். தளும்பினால் காலில் சுடும்.

5. மஃரிபு பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழம், தண்ணீர், அப்புறம் கஞ்சியும் வடையும்.

6. மாதக் கடைசியில் பித்ரா, நோன்புப் பெருநாளுக்கான தர்மம். வீட்டில் தலைக்குச் சுமார் 2.5 கிலோ அரிசி, பெருநாள் தொழுகைக்கு முன்னால் ஏழைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அளப்பதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். எங்கள் வீட்டில் ஆறு பேர். போன வருஷம் மகன் ஏழு பங்கு அளந்து வைத்திருந்தான். பூனைக்கும் சேர்த்தாம்.