உதுமானியப் பேரரசின் சிறுபான்மையினரைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உதுமானியப் பேரரசு தன் கிறித்தவ, யூதக் குடிகளை எவ்வாறு நடத்தியது என்று எழுதப் புகுவோர் பலர், முடிவை முன்பே செய்துகொண்டு அதற்கேற்ற ஆண்டைத் தேடுகிறார்கள். புகழ்வோர், ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களுக்குச் சுல்தான் இரண்டாம் பாயெசித் இடமளித்த 1492-ஐ எடுத்துக்கொள்ள, பழிப்போர் ஆர்மீனிய இனப்படுகொலை தொடங்கிய 1915-ஐ எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் நடந்தவையே என்றாலும், அறுநூறு ஆண்டு ஆட்சிக்கு ஒரே குணத்தைக் கற்பிக்க இவற்றில் எதுவும் போதாது.

சகிப்பைச் சமத்துவம் என்று எழுதுவது மற்றொரு பிழை. ‘திம்மி’ எனப்பட்ட முஸ்லிம் அல்லாத குடிகளின் உயிருக்கும் உடைமைக்கும் வழிபாட்டுக்கும் பாதுகாப்பு இருந்தது. ஆனால் அவர்களுள் வயதுவந்த ஆண்கள் ஜிஸ்யா வரி செலுத்த வேண்டியிருந்ததுடன், புதிய தேவாலயம் கட்டவும் தடைகள் இருந்தன. ஸ்பெயினைவிட மேல் என்பது உண்மைதான். அந்தக் காலத்து ஸ்பெயினை அளவுகோலாக வைத்தால் யார்தான் தேறமாட்டார்கள்?

நீதிமன்றங்களைப் பற்றித்தான் மிகுதியாகப் பிழை நேர்கிறது. ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் தலைவர்களிடம் மட்டுமே வழக்காடினர் என்று எழுதிவிடுகிறார்கள். கைசேரி, எருசலேம் போன்ற நகரங்களில் காதி எனப்பட்ட இஸ்லாமிய நீதிபதியின் மன்றப் பதிவேடுகளைப் புரட்டினால், சொந்தச் சமய மன்றம் இருந்தும் கிறித்தவரும் யூதரும் காதியிடம் தாமாகவே வந்ததைக் காணலாம். சொத்து விற்பனையையும் கடனையும் அங்கே பதிந்துகொண்டால், பின்னாளில் தகராறு எழும்போது அந்தப் பதிவு கைகொடுத்தது. இஸ்லாமியச் சட்டமான ஷரியா மகளுக்கும் பங்கை வரையறுத்திருந்ததால், பாகப்பிரிவினைக்காகப் பெண்களும் வந்தனர். அதே மன்றத்தில், முஸ்லிம் ஒருவருக்கு எதிராக முஸ்லிம் அல்லாதவரின் சாட்சியம் பொதுவாக ஏற்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால், படிப்பவருக்குப் பாதி உண்மைதான் கிடைக்கும்.

பால்கன் பகுதியின் கிறித்தவச் சிறுவர்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்து மதம் மாற்றிப் படைக்கும் அரசுப் பணிக்கும் எடுத்துக்கொண்ட தேவ்ஷிர்மே முறையை, அவ்வாறு வந்த சோக்கொல்லு மெஹ்மத் பாஷா 1565-இல் தலைமை அமைச்சரானதைக் காட்டி ஒரு வாய்ப்பாக மட்டும் வருணிப்பதும் நேர்மையன்று.

இறுதியாக, அரசாணையை அப்படியே நடைமுறை என்று கொள்ளலாகாது. 1856-ஆம் ஆண்டு ஆணை எல்லாச் சமயத்தாருக்கும் சமத்துவத்தை வாக்களித்தது, ஜிஸ்யாவும் ஒழிந்தது. ஆனால் அந்த இடத்தில் படைச்சேவை விலக்குக் கட்டணம் ஒன்று வந்து அமர்ந்தது. 1909-இல் கட்டாயப் படைச்சேவை அனைவருக்கும் பொதுவாகும் வரை, முஸ்லிம் அல்லாதோர் அதைச் செலுத்திவந்தனர்.