எஃப்.ஐ.ஆர். போட மறுத்த ஸ்டேஷன்: கடைசியில் வேலை செய்த வழி

அம்மாவின் சங்கிலியை பைக்கில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம், புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தார்கள். வழக்கு நம்பர் கேட்டால், "எஃப்.ஐ.ஆர். போட்டா நீங்கதான் கோர்ட்டுக்கு அலையணும்மா" என்று கழுத்துக் காயத்தோடு நின்றவரை மிரட்டி அனுப்பினார்கள்.

ரசீதை வீட்டில் நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது: 'பறித்துச் சென்றனர்' என்று நாங்கள் எழுதியது அதில் 'தவறவிட்டதாக' என்று மாறியிருந்தது. காணாமல் போன பொருள் என்றால் வழக்கே வேண்டாம் அல்லவா! உங்கள் ரசீதிலும் முதலில் அந்த வரியைப் பாருங்கள்.

ஆன்லைன் புகார், குறைதீர்க்கும் நாள் மனு எல்லாமே சுற்றி அதே ஸ்டேஷனுக்கே விசாரணைக்கு வந்தன.

பலித்தது பி.என்.எஸ்.எஸ். என்ற குற்ற விசாரணை நடைமுறைச் சட்டத்தின் 173(4)-ம் பிரிவு. ஸ்டேஷனில் மறுத்தால் புகாரை எழுதி எஸ்.பி.க்கு (மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்) தபாலில் அனுப்பலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ரசீது நகல், காயத்துக்கான ஓ.பி. சீட்டு இரண்டையும் இணைத்து, ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2013 லலிதா குமாரி தீர்ப்பையும் குறிப்பிட்டேன்.

ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். எஸ்.பி.யும் அசையாவிட்டால் 175(3)-ன்படி மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு போக அதுதான் ஆதாரம். எங்களுக்கு அதுவரை போகவில்லை. ஸ்டேஷனிலிருந்தே கூப்பிட்டு, 'பறிப்பு' என்றே வழக்குப் பதிந்தார்கள். அப்பாடா என்றிருந்தது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், அதையும் கேட்டு வாங்கிவிட்டோம்.