சர்க்கரை ஆல்கஹால்: எதை, எவ்வளவு, எதில் சேர்ப்பது?

சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் இனிப்பூட்டிகளில் ஒரு வகை சர்க்கரை ஆல்கஹால். பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் இவற்றில் போதை தரும் எத்தனால் கிடையாது. மூலக்கூறின் அமைப்பு பாதி சர்க்கரையையும் பாதி ஆல்கஹாலையும் ஒத்திருப்பதால் வந்த பெயர் அது. எரித்ரிட்டால், சைலிட்டால், சார்பிட்டால், மால்டிட்டால் என்று இந்தக் குடும்பத்தில் பல உறுப்பினர்கள் உண்டு. குணத்தில் அவை ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுவதால், ‘சுகர் ஃப்ரீ’ என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்குபவர்களுக்குக் கணக்குத் தவறிவிடுகிறது.

சாதாரணச் சர்க்கரை கிராமுக்கு 4 கலோரி தருகிறது. சார்பிட்டால் 2.6, சைலிட்டால் 2.4, மால்டிட்டால் 2.1 கலோரி தருகின்றன. எரித்ரிட்டால் தருவது 0.2 மட்டுமே, அதன் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்பட்டாலும், உடலுக்குப் பயன்படாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. ஆனால் அதன் இனிப்பு சர்க்கரையில் 60 முதல் 70 சதவீதம்தான். ஆகவே, நாளொன்றுக்குக் காபியில் மொத்தம் 16 கிராம் சர்க்கரை போட்டுக் குடிப்பவர், அதே இனிப்பு வேண்டுமென்றால் ஏறக்குறைய 24 கிராம் எரித்ரிட்டால் போட வேண்டும். அப்போது 64 கலோரி சுமார் 5 ஆகக் குறையும். சைலிட்டால் சர்க்கரைக்கு நிகராக இனிப்பதால் 16 கிராமே போதும் என்றாலும், கலோரி 38 வரை வரும்.

பொட்டலத்தின் பின்புறத்தில் உள்ள பொருட்பட்டியலைப் படிக்கும்போது, உணவுச் சேர்க்கைப் பொருட்களுக்கான பன்னாட்டுக் குறியீடுகளான ஐ.என்.எஸ். எண்களைத் தேடுங்கள்: 420 சார்பிட்டால், 965 மால்டிட்டால், 967 சைலிட்டால், 968 எரித்ரிட்டால். பிஸ்கட்டுகளிலும் சாக்லேட்டுகளிலும் பெரும்பாலும் சேர்க்கப்படும் மால்டிட்டால், சர்க்கரையைவிடக் குறைவாகவே என்றாலும், இரத்தச் சர்க்கரையை உயர்த்தக்கூடியது. அந்த பிஸ்கட்டில் உள்ள மைதாவும் அதே வேலையைச் செய்யும் என்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறந்துவிடக்கூடாது.

நம் சமையலில் எரித்ரிட்டால் நன்றாகப் பொருந்துவது காபி, தேநீர், எலுமிச்சைச் சாறு, பால் பாயசம் போன்று முழுவதும் கரைந்துபோகும் பண்டங்களில்தான். ரவா லட்டில் பொடித்துச் சேர்த்தால், உலர்ந்த துகள்கள் வாயில் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், புதினா மிட்டாய் தின்றதுபோல நாக்கு சில்லிடும். சிலருக்கு அது பிடிக்கலாம், எனக்குப் பிடிக்கவில்லை. பாகு காய்ச்சுவதற்கு அதை நம்ப வேண்டாம். கம்பிப் பதத்துக்குக் காத்திருந்தாலும், ஆறியதும் மீண்டும் படிகமாகி மணல்போல் நறநறக்கும் என்பதால் மைசூர்பாகு அதில் அமையாது. சர்க்கரையைப்போல் கருகிப் பொன்னிறம் கொள்ளாததால், கேக்கும் வெளிறியே நிற்கும்.

வயிற்றின் பொறுமையையும் பார்க்க வேண்டும். சிறுகுடலில் முழுமையாக உறிஞ்சப்படாத சார்பிட்டால், மால்டிட்டால் போன்றவை பெருங்குடலுக்குச் சென்று நீரை இழுத்துக்கொள்கின்றன. அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கவைப்பதால் வாயுவும் உப்புசமும், அளவு மிகுந்தால் வயிற்றுப்போக்கும் உண்டாகும். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டியோடு நிறுத்தி, வயிறு ஏற்றுக்கொள்வதைப் பார்த்துக் கூட்டுவதே முறை. எரித்ரிட்டாலை வயிறு ஓரளவு எளிதாகத் தாங்கும். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்கள் இந்தக் குடும்பம் முழுவதையுமே தவிர்ப்பது நல்லது.

2023இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வு, இரத்தத்தில் எரித்ரிட்டால் மிகுந்திருந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் காணப்பட்டதைக் காட்டியது. உடலும் தானாகச் சிறிது எரித்ரிட்டாலை உண்டாக்குகிறது என்பதால், காரணம் இனிப்பூட்டிதான் என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. இருந்தாலும் இதய நோய் உள்ளவர்கள், மருத்துவரைக் கேட்காமல் அன்றாடம் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் சைலிட்டாலை எட்டாத உயரத்தில், மூடி இறுகிய டப்பாவில் வைக்க வேண்டும். மனிதருக்குத் தீங்கு செய்யாத சிறிய அளவுகூட நாயின் உடலில் இன்சுலினைத் திடீரெனச் சுரக்கவைத்து, இரத்தச் சர்க்கரையை உயிருக்கு ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடும்.