ராணுவத்தில் சேரும் முன் அனுப்ப வேண்டிய கடிதங்கள்

அமெரிக்க ராணுவத்தில் முழுநேரப் பணிக்குப் போகிறீர்களா? பெட்டி கட்டும் முன் உங்கள் பெயரில் உள்ள கடன், வாடகை, போன் கணக்குகளை ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

2003-இல் வந்த எஸ்.சி.ஆர்.ஏ. (பணியில் இருக்கும் ராணுவத்தினருக்கான பாதுகாப்புச் சட்டம்) படி, சேரும் முன் வாங்கிய கடனுக்கு ஆண்டு வட்டி 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கிரெடிட் கார்டு பாக்கியும் இதில் அடங்கும். 6 சதவீதத்துக்கு மேலான வட்டி தள்ளிப்போவதில்லை, தள்ளுபடியே ஆகிறது. ஆனால் தானாக நடக்கும் என்று இருந்துவிடாதீர்கள். பணி ஆணையின் நகலோடு, கடன் கொடுத்தவருக்கு எழுதிக் கேட்க வேண்டும். பணி முடிந்து 180 நாள் வரை அவகாசம் உண்டு, இருந்தாலும் முதல் வாரமே அனுப்புவதுதான் நல்லது. சேர்ந்த பிறகு பழைய கடனை மாற்றிப் புதுக்கடனாக எடுத்தால் இந்தச் சலுகை போய்விடும். இதில் ரொம்பக் கவனம் தேவை.

வாடகை வீட்டையும் அபராதம் இல்லாமல் காலி செய்யலாம். மாத வாடகை என்றால், செப்டம்பர் 18 அன்று ஆணை நகலோடு கடிதம் கொடுத்தால், அடுத்த வாடகை நாளான அக்டோபர் 1-லிருந்து 30 நாள் கழித்து, அதாவது அக்டோபர் 31-இல் ஒப்பந்தம் முடியும்.

அப்புறம், பயிற்சி முகாமில் போன் பெரும்பாலும் கையில் இருக்காது. பில் கட்ட, வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு பவர் ஆஃப் அட்டர்னி (உங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.