தன் நூலைத் தானே சொல்வது: எழுத வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1920ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கடையத்தில் வாழ்ந்துகொண்டிருந்த பாரதி தம் எழுத்துகளை நாற்பது நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பத்தாயிரம் படிகள் அச்சிடத் திட்டமிட்டார். தொடக்கச் செலவுக்குக் கடன் கேட்டு அன்பர்களுக்குச் சுற்றுக்கடிதம் அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைப் போலத் தம் நூல்கள் தமிழ்நாடெங்கும் விலைபோகும் என்ற உறுதி அந்தத் திட்டத்தில் இருந்தது. எதிர்பார்த்த பணம் திரளவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். 1949இல் சென்னை மாகாண அரசு அவருடைய படைப்புகளின் உரிமையைப் பெற்றது. இன்று அவருடைய பாடல் தொகுப்பு இல்லாத தமிழ்ப் புத்தகக் கடையைக் காண்பது அரிது.

முதல் நூலை எழுதிக்கொண்டிருப்பவர்களிடம் பேசும்போதெல்லாம் நான் இந்தத் திட்டத்தை நினைவுபடுத்துகிறேன். தம் எழுத்தின் மதிப்பைப் பற்றி அவர் கொண்டிருந்த நம்பிக்கை முழுவதும் சரியானது. எத்தனை மாதத்தில் எவ்வளவு பணம் வரும் என்ற கணக்குத்தான் பொய்த்தது. எழுத்தாளராக வேண்டும் என்று கனவு காண்பவர் முதலில் செய்ய வேண்டியது, இந்த இரண்டையும் மனத்துக்குள் தனித்தனியாக வைத்துக்கொள்வதாகும். எழுத்தின் மீது வைக்கும் நம்பிக்கைக்கு எல்லை வேண்டியதில்லை. ஆனால் நாளையும் தொகையையும் பற்றிய கணக்கைக் கையில் இருப்பதை வைத்தே போட வேண்டும்.

நம்பிக்கையை வேலையாக மாற்றுவது

விருது மேடையில் நிற்பதாகவும், கையெழுத்துக்காக வாசகர்கள் வரிசையில் காத்திருப்பதாகவும் கண்ணை மூடிக் காண்பது இனிமையானது. அந்த இனிமையிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. கப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். வேலை தேடிய ஜெர்மானியப் பட்டதாரிகளைப் பின்தொடர்ந்து 2002இல் அவரும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வில், நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி இனிய கற்பனையில் மூழ்கியவர்களுக்கு வேலை வாய்ப்புகளும் குறைவாக வந்தன, ஊதியமும் குறைவாகவே அமைந்தது. அதே ஆய்வில், தமக்கு வேலை கிடைக்கும் என்று முன் அனுபவத்தை வைத்து எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே முன்னேறினார்கள். கிடைத்துவிட்டதாகக் கற்பனை செய்வதும், கிடைக்கும் என்று நம்பி உழைப்பதும் ஒன்றல்ல.

ஆகவே கனவைக் கைவிடச் சொல்லவில்லை. அதன் பக்கத்திலேயே தடையையும் எழுதிவையுங்கள் என்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் "இந்த நாவலை அடுத்த தைக்குள் முடிப்பேன்" என்று எழுதினால், அதன் கீழே உங்களைத் தடுக்கப்போவது எது என்பதையும் நேர்மையாக எழுத வேண்டும். அலுவலகம் முடிந்து வந்த களைப்பாக இருக்கலாம். இரவு பத்து மணிக்குமேல் கையில் ஒட்டிக்கொள்ளும் அலைபேசியாக இருக்கலாம். மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு கதை எங்கே போகிறது என்று தெரியாத குழப்பமாகவும் இருக்கலாம். அதற்கடுத்த வரியில், அந்தத் தடை வரும்போது என்ன செய்வேன் என்பதைக் குறிப்பாக எழுத வேண்டும்: "இரவு எழுத முடியாமல் போனால், மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து முந்நூறு சொற்கள் எழுதிவிட்டே குளிக்கப் போவேன்." இப்படி நேரத்தையும் செயலையும் முன்கூட்டியே பிணைத்துவைப்பவர்கள் சொன்னதைச் செய்துமுடிக்கும் வாய்ப்பு மிகுதி என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. நாளுக்கு 300 சொற்கள், வாரத்துக்கு ஐந்து நாட்கள் என்று எழுதினால் நாற்பது வாரத்தில் 60,000 சொற்கள் சேர்ந்துவிடும். அது ஒரு முழு நாவலின் அளவு.

மறுப்பைத் தாங்கிக்கொள்வதற்கும் இதே வழிதான். தமிழ் இதழ்களுக்கு அனுப்பிய கதைக்குப் பெரும்பாலும் மறுப்புக் கடிதம்கூட வராது, மௌனம்தான் வரும். அந்த மௌனத்தைத் தம் திறமைக்கான தீர்ப்பாக எடுத்துக்கொண்டு எழுதுவதையே நிறுத்திவிட்ட நல்ல எழுத்தாளர்களை நான் அறிவேன்; அந்த இழப்பு எனக்கு இன்றும் வலிக்கிறது. ஒரு கதையை அனுப்பிய நாளையும் இதழின் பெயரையும் குறித்துவையுங்கள். மூன்று மாதம் கடந்தால் ஒருமுறை பணிவாகக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் கதையை ஒருமுறை திருத்தி, அந்த வாரத்துக்குள்ளேயே வேறோர் இதழுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்ப வேண்டாம். ஐந்து கதைகள் ஐந்து இடங்களில் காத்திருக்கும்போது ஒன்று திரும்பிவந்தாலும் மனம் இடிந்துபோவதில்லை.

தன்னைப் புகழ்தல் எப்போது தகும்

நம்மவர்களுக்கு இரண்டாவது தடை கூச்சம். தற்புகழ்ச்சி தவறு என்று வளர்க்கப்பட்ட ஒருவர், தம் நூல் வந்திருக்கும் செய்தியை நெருங்கிய நண்பரிடம்கூடச் சொல்லத் தயங்குவார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இலக்கண நூலான நன்னூல் இந்தத் தயக்கத்தை நன்றாக அறிந்திருக்கிறது. எத்துணைத் துறைகளில் வல்லவரானாலும் தம்மைத் தாமே புகழ்வது தகாது என்று பாயிரம் என்னும் முன்னுரைப் பகுதியில் சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவிலேயே அதற்கு நான்கு விலக்குகளைத் தருகிறது. அரசனின் அவைக்கு ஓலை எழுதும்போதும், தம் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிரி தம்மைப் பழித்தபோதும் புலவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளலாம் என்பது நன்னூலை இயற்றிய பவணந்தியார் வகுத்த விதி.

முதலிரண்டும் இன்றைய எழுத்தாளருக்கு அப்படியே பொருந்துகின்றன. பதிப்பாளருக்குக் கைப்பிரதியோடு அனுப்பும் கடிதம்தான் அன்றைய ஓலை. அதில் உங்கள் கதைகள் எந்த இதழ்களில் வந்தன, இந்தப் பொருளை எழுத உங்களுக்கு என்ன அனுபவம் உண்டு என்பவற்றை ஒரு பக்கத்துக்குள் தெளிவாகச் சொல்ல வேண்டும். அங்கே அடக்கம் காட்டினால் படிப்பவருக்குத் தகவல் குறையும், அவ்வளவுதான். உங்களை அறியாத வாசகர்கள் இரண்டாவது விலக்கில் வருகிறார்கள். நூல் வந்ததே தெரியாதவர் அதை எப்படித் தேடிப் படிப்பார்? நான்காவது விலக்கை மட்டும் இன்றைக்கு விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. முகநூலில் யாரோ நூலைப் பழித்து எழுதியதற்கு மறுமொழி எழுதத் தொடங்கிய எழுத்தாளர், ஒரு மாதத்தின் எழுத்து நேரத்தை அதிலேயே இழந்துவிடுகிறார். பிழை சுட்டிக்காட்டப்பட்டால் நன்றி சொல்லி அடுத்த பதிப்பில் திருத்துங்கள். மற்றவற்றைக் கடந்து போங்கள்.

என்ன சொல்வது என்ற கேள்விக்கும் நன்னூலிலேயே விடை இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட நூலுக்கென்று எழுதப்படும் முன்னுரையான சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்கிறது அது: ஆக்கியவர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு என்னும் நூலமைப்பு, சொல்லும் பொருள், கேட்போர், பயன். ஒரு பின்னட்டைக் குறிப்பில் இருக்க வேண்டியவை ஏறக்குறைய இவையே. "ஒப்பற்ற", "நெஞ்சை உலுக்கும்" போன்ற அடைமொழிகளுக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு நாவலுக்கு, "வாழ்வின் வலியை உயிர்ப்போடு சித்திரிக்கும் உன்னதப் படைப்பு" என்று எழுதினால் வாசகருக்கு எதுவும் தெரியாது. அதையே, "நாமக்கல்லிலிருந்து கேரளத்துக்கு முட்டை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் ஒருவர், பறவைக் காய்ச்சலால் எல்லை மூடப்பட்ட பதினொரு நாட்களில் யாரிடமெல்லாம் கடன்பட்டார் என்பதே இந்த நாவல்" என்று எழுதினால், யாருடைய கதை, எங்கே, என்ன சிக்கல் என்பது ஒரே வாக்கியத்தில் புரிந்துவிடும். இந்த ஒற்றை வாக்கியத்தை உருவாக்க ஒரு வாரம் ஆனாலும் செலவிடுங்கள். பதிப்பாளர் கடிதத்திலும், பின்னட்டையிலும், நண்பரிடம் தொலைபேசியில் பேசும்போதும், புத்தகக் கண்காட்சி அரங்கில் அறிமுகம் இல்லாதவரிடமும் அதையே சொல்லப்போகிறீர்கள்.

பாயிரம் பாடத் தகுந்தவர்கள் என்று ஆசிரியர், உடன் பயின்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகிய நால்வரை நன்னூல் குறிப்பிடுகிறது. நால்வரும் ஆக்கியவரையோ நூலையோ நெருக்கமாக அறிந்தவர்கள். முன்னுரைக்காகப் புகழ்பெற்ற ஒருவரைத் தேடி அலைவதைவிட, கைப்பிரதியை வரிவரியாகப் படித்துக் குறை சொன்ன நண்பரிடம் கேட்பது மேலானது. படிக்காமல் எழுதப்பட்ட அணிந்துரையை வாசகர்கள் இரண்டாம் பத்தியிலேயே கண்டுகொள்கிறார்கள்.

நூல் வருவதற்கு முன்னும் பின்னும்

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அச்சுச் செலவைத் தாங்க ஊரூராக அன்பர்களைக் கண்டு, நூலை வாங்குவதாக முன்கூட்டியே கையொப்பம் சேர்த்தார். இன்று முன்வெளியீட்டுத் திட்டம் என்றும் முன்பதிவு என்றும் வழங்குவது அந்தப் பழைய முறையே. அத்தகைய பேரறிஞரே நூலுக்காகப் பிறரிடம் போய்க் கேட்டிருக்கிறார் என்பதை நினைத்தால் நம் கூச்சம் சற்றுக் குறையும்.

நூல் அச்சுக்குப் போகும் முன்பே ஒரு பட்டியல் போடுங்கள். உங்கள் எழுத்தை ஒருமுறையாவது படித்துப் பேசியவர்கள், உடன் படித்தவர்கள், ஊர் நூலகர், நூலின் களத்தோடு தொழில்முறைத் தொடர்புள்ளவர்கள் என்று நூறு பெயர்கள் சேர்வது கடினமில்லை. ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனியாக எழுதுங்கள். இருபது வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே செய்தியை ஒட்டினால் யாரும் தமக்கு எழுதியதாக எண்ணமாட்டார்கள். லாரி ஓட்டுநரைப் பற்றிய நாவலென்றால், லாரி உரிமையாளர் சங்கத்தில் இருக்கும் உறவினர் ஒருவர் பத்து இலக்கிய நண்பர்களைவிட நூலை வெகுதூரம் கொண்டு செல்லக்கூடும்.

என் முதல் தொகுப்பு வந்தபோது என் ஆற்றல் முழுவதையும் வெளியீட்டு விழாவுக்கே செலவழித்தேன். அரங்கம் நிறைந்தது, மாலை சிறப்பாக நடந்தது. மறுநாளிலிருந்து நூலைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. எட்டு மாதம் கழித்து, நெருங்கிய நண்பர் ஒருவர் அப்படியொரு நூல் வந்ததா என்று கேட்டபோதுதான் என் தவறு விளங்கியது. விழா ஒரு நாள் செய்தி. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்கி ஓராண்டு தொடர்வதே நூலை வாழவைக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் ஓர் இதழுக்கு மதிப்புரைக்குப் படி அனுப்பலாம். கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பேச நாள் கேட்கலாம். கல்லூரித் தமிழ்த்துறை ஒன்றுக்கு எழுதலாம். சமூக ஊடகத்தில் உங்கள் நூலைப் பற்றி ஒருமுறை எழுதினால், நீங்கள் படித்த பிறர் நூல்களைப் பற்றி நான்கு முறையாவது எழுதுங்கள். உங்கள் வாசிப்பை மதிக்கத் தொடங்கியவர்கள்தான் உங்கள் நூலையும் நம்பி வாங்குகிறார்கள்.

சென்னைப் புத்தகக் கண்காட்சி 1977இல் தொடங்கியது. இப்போது பொங்கலையொட்டி நடைபெறுகிறது. பதிப்பகங்கள் தம் புதிய நூல்களை அந்த நாட்களில் குவிப்பதால், அறிமுகமில்லாத ஒருவரின் முதல் நூல் அந்த வெள்ளத்தில் எளிதில் மூழ்கிவிடும். பதிப்பாளர் இசைந்தால், ஆகஸ்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டியோ, உங்கள் மாவட்டத்தின் கண்காட்சியை ஒட்டியோ வெளியிடலாம். எந்தக் கண்காட்சியானாலும் இரண்டு மாலைகளாவது அரங்கில் நில்லுங்கள். யாரையும் கையைப் பிடித்து இழுக்காமல், நூலை எடுத்துப் புரட்டுபவரிடம் அந்த ஒற்றை வாக்கியத்தை மட்டும் சொல்லுங்கள். மின்னூலுக்கு அமேசான் கிண்டில் 2016 முதல் தமிழை ஏற்கிறது. வெளிநாட்டில் வாழும் வாசகருக்கு அஞ்சல் செலவு இல்லாமல் நூல் போய்ச்சேர அது நல்ல வழி. 35 வயதுக்கு உட்பட்டவர்கள் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் விருதுக்கான அறிவிப்பையும் கவனித்துவர வேண்டும்.

பணத்தையும் ஒப்பந்தத்தையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 200 ரூபாய் விலையுள்ள நூலுக்குப் பத்து விழுக்காடு உரிமைத்தொகை என்றால், முந்நூறு படிகள் விற்றாலும் உங்களுக்கு வருவது 6,000 ரூபாய். முதல் நூலை நம்பி வேலையை விடாதீர்கள். பதிப்புரிமையை எழுதிக்கொடுப்பது எழுத்து வடிவில், கையொப்பத்துடன்தான் செல்லும் என்கிறது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்தாண்டு என்று கொள்ளப்படும். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றின் உரிமைகளைத் தனித்தனியாகக் குறிப்பிடும்படி கேளுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் உரிய பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணை இந்திய அரசின் முகமை இலவசமாகவே தருகிறது. அதற்கென்று யாராவது கட்டணம் கேட்டால் காரணம் கேளுங்கள். சொந்தப் பணத்தில் வெளியிடுவதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் எத்தனை படிகள் அச்சாகும், அவை எங்கே இருக்கும், யார் விற்பார்கள் என்பவற்றை எழுத்தில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எந்தக் கடிதத்துக்குப் பதில் வந்தது, எந்தக் கூட்டத்துக்குப் பின் நூல் விற்றது என்று பாருங்கள். பயன் தராதவற்றை அடித்துவிட்டு, அதனால் மிஞ்சும் நேரத்தை அடுத்த கைப்பிரதிக்குக் கொடுங்கள். ஏப்ரல் பிறந்ததும் சென்ற நிதியாண்டின் விற்பனைக் கணக்கைப் பதிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அதே கடிதத்தில் இரண்டாவது நூல் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் இரண்டு வரியில் தெரிவியுங்கள்.