கொதிக்கும்போது எது பிரிகிறது? மூலக்கூறு இடைவிசைகளில் நேரும் தவறுகள்

பதினோராம் வகுப்பு வேதியியல் விடைத்தாள் திருத்தும்போதெல்லாம் ஒரு வரி கண்ணில் படும்: "தண்ணீர் கொதிக்கும்போது ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலுள்ள பிணைப்பு உடைகிறது." நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இப்படி எழுதுகிறார்கள். இந்த ஒரு குழப்பம் தீராமல் மற்றதைப் படித்துப் பயனில்லை என்பது என் எண்ணம்.

இட்லிப் பானையின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். உட்புறம் முழுக்கத் துளித்துளியாகத் தண்ணீர். மேலே போனது தண்ணீர் மூலக்கூறு, மூடியில் பட்டுக் குளிர்ந்து திரும்பியதும் அதே மூலக்கூறு. உள்ளே இருக்கும் பிணைப்பு உடைந்திருந்தால் பானைக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்து நின்றிருக்கும். எரிகிற அடுப்புக்கு மேல் அது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

கணக்கும் இதையே காட்டுகிறது. ஒரு மோல் தண்ணீரை, அதாவது 18 கிராமை, 100 டிகிரியில் ஆவியாக்கச் சுமார் 41 கிலோஜூல் போதும். அதே 18 கிராமில் உள்ள ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் எல்லாவற்றையும் உடைக்க 920 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். இருபது மடங்குக்கும் அதிகம். கொதிக்கும்போது பிரிவது மூலக்கூறுகளுக்கு நடுவில் இருக்கும் பிடிப்புதான், அதாவது மூலக்கூறு இடைவிசை. அதனால் என் மாணவர்களை முதலில் படம் போடச் சொல்வேன்: மூலக்கூறுக்குள் இருப்பதற்கு முழுக்கோடு, இரண்டு மூலக்கூறுகளுக்கு நடுவில் இருப்பதற்குப் புள்ளிக்கோடு. கொதிநிலைக் கேள்வி வந்தால் புள்ளிக்கோட்டை மட்டும் பார்த்தால் போதும்.

அடுத்த தவறு பெயரிலிருந்தே வருகிறது. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜன் போன்ற அணுவை ஈர்த்துப் பிடிப்பதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு, அதுவும் புள்ளிக்கோடுதான். ஹைட்ரஜன் இருந்தால் இதுவும் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த ஹைட்ரஜன் நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் ஆகியவற்றில் ஒன்றோடு நேரடியாக இணைந்திருக்க வேண்டும். எத்தனாலுக்கும் டைமெத்தில் ஈதருக்கும் ஒரே வாய்பாடு, ஒரே எடை. ஈதரிலும் ஆக்சிஜன் உண்டு, ஆறு ஹைட்ரஜனும் உண்டு. ஆனால் ஆறும் கார்பனோடு இருக்கின்றன. எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கிறது, ஈதரோ மைனஸ் 24-இலேயே கொதித்துவிடுகிறது. அசிட்டோனும் இப்படித்தான், தனக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு போட முடியாது. ஆனால் தண்ணீரில் ஊற்றினால், தண்ணீரின் ஹைட்ரஜன் அசிட்டோனின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. முழுவதும் கலப்பதற்கு அது பெரிய காரணம்.

வலிமையை மட்டும் பார்த்து எண்ணிக்கையை விட்டுவிடுவதும் உண்டு. தனியாக எடுத்தால் ஹைட்ரஜன் ஃபுளூரைடின் ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீருடையதைவிட வலுவானது. அப்படியும் அது கொதிப்பது 19.5 டிகிரியில். அதில் ஒரு மூலக்கூறுக்கு ஒரே ஹைட்ரஜன். தண்ணீரில் இரண்டு ஹைட்ரஜன், ஆக்சிஜனில் பிணைப்பில் சேராத இரண்டு தனி எலக்ட்ரான் ஜோடி, ஆகவே நான்கு அண்டை மூலக்கூறுகளோடு கைகோக்க முடியும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது லண்டன் விசையை ஒதுக்கிவிடுவதுதான். எலக்ட்ரான்கள் ஒரு நொடிப்பொழுது ஒரு பக்கம் கூடும்போது தோன்றும் இந்த ஈர்ப்பை ஃபிரிட்ஸ் லண்டன் 1930-இல் குவாண்டம் முறைப்படி விளக்கினார். இது எல்லா மூலக்கூறுகளுக்கும் உண்டு. "மிகவும் பலவீனமானது" என்று மனப்பாடம் செய்த மாணவர், ஹைட்ரஜன் குளோரைடு ஹைட்ரஜன் அயோடைடைவிட அதிக முனைவுள்ளது (ஒரு முனையில் சிறிது நேர்மின்சுமை, மறுமுனையில் சிறிது எதிர்மின்சுமை), எனவே அதன் கொதிநிலைதான் அதிகம் என்று எழுதுவார். உண்மையில் குளோரைடு மைனஸ் 85-இலும் அயோடைடு மைனஸ் 35-இலும் கொதிக்கின்றன. அயோடினின் பெரிய எலக்ட்ரான் மேகம் எளிதில் நெளிந்து கொடுக்கும், அங்கே லண்டன் விசை முந்திவிடுகிறது. முனைவே இல்லாத கார்பன் டெட்ராகுளோரைடு 77 டிகிரி, முனைவுள்ள குளோரோஃபார்ம் 61 டிகிரி. இதற்கும் அதே காரணம்தான்.

சரி, அப்படியானால் எடை கூடினால் கொதிநிலை கூடும் என்று எழுதிவிடலாமா? கூடாது. பென்டேனின் மூன்று மாற்றியங்களுக்கும், அதாவது ஒரே வாய்பாடும் வேறு வேறு அமைப்பும் உள்ள வடிவங்களுக்கும், எடை ஒன்றுதான். நீளமான சங்கிலி 36 டிகிரியிலும், ஒரு கிளை உள்ளது 28-இலும், பந்துபோல் உருண்ட நியோபென்டேன் 9.5-இலும் கொதிக்கின்றன. உருண்டையாக இருந்தால் ஒன்றையொன்று தொடும் பரப்பு குறைவு.

மார்கழிக் காலையில் குளியலறையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒன்றும் வராது. வெள்ளையாக உறைந்து கிடக்கும். அதே குளிரில் சமையலறைக் கடலை எண்ணெய் சாதாரணமாக ஊற்றும். இத்தனைக்கும் கடலை எண்ணெயின் மூலக்கூறுகள்தான் பெரியவை. தேங்காய் எண்ணெயில் அதிகமுள்ள லாரிக் அமிலத்தில் 12 கார்பன், கடலை எண்ணெயில் அதிகமுள்ள ஒலியிக் அமிலத்தில் 18. ஆனால் ஒலியிக் சங்கிலியின் நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு, அந்த இடத்தில் ஒரு வளைவு. வளைந்த சங்கிலிகளை நெருக்கி அடுக்க முடியாது, நெருங்காவிட்டால் லண்டன் விசை பிடிக்காது. தேங்காய் எண்ணெயின் சங்கிலிகள் பெரும்பாலும் நேரானவை. விறகுக்கட்டுபோல ஒட்டி நெருங்கி, சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனதும் உறையத் தொடங்கிவிடுகின்றன.

கடைசியாக, மூலக்கூறே இல்லாத இடத்தில் மூலக்கூறு இடைவிசையைத் தேடுவது. கார்பன் டை ஆக்சைடும் சிலிக்கன் டை ஆக்சைடும் எழுத்தில் ஒரே மாதிரி இருக்கும். முதலாவது தனித்தனி மூலக்கூறுகள், உலர்பனியாக இருக்கும்போது மைனஸ் 78-இலேயே ஆவியாகிறது. இரண்டாவது ஆற்று மணலில் இருக்கும் குவார்ட்ஸ். அதில் தனி மூலக்கூறு கிடையாது, ஒவ்வொரு மணியும் சகப்பிணைப்புகளால், அதாவது அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் பிணைப்புகளால், பின்னிய ஒரே வலை. அதை உருக்கக் கிட்டத்தட்ட 1,700 டிகிரி வேண்டும். முதலில் சொன்ன "பிணைப்பு உடைகிறது" என்ற அந்த வரியை இந்தக் கேள்விக்கு எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.