26ஏஎஸ்-ல 8.4 லட்சம், பேங்க்ல 6.1 லட்சம்: கடைசில இப்படித்தான் சரியாச்சு

ஈரோட்டுல இருந்து ஒரு ஆன்லைன் விற்பனை தளத்துல நைட்டி விக்கிறேன். 2024-25க்கு ஐடிஆர்-4 (சின்ன வியாபாரிங்க போடுற வருமான வரி ரிட்டர்ன்) போட்டு ரெண்டு வாரத்துல, 26ஏஎஸ்-ல (நம்ம பேர்ல பிடிச்ச வரியும் அதுக்கான வரவும் இருக்குற வரித்துறை ஸ்டேட்மென்ட்) இருக்குற வரவை விட கம்மியா காட்டிருக்கீங்கன்னு வரித்துறைல இருந்து மெசேஜ். பேங்க் ஸ்டேட்மென்ட்ட மூணு தடவ கூட்டினேன், அதே 6.1 லட்சம்தான்.

சரி, தளம் பிடிச்ச டிடிஎஸ்ஸ (பணம் குடுக்கும்போதே பிடிக்கிற வரி) 1 சதவீதமா வச்சு விற்பனைய பின்னோக்கி கணக்கு போடலாம்னு பாத்தா அது வேற ஒரு தொகை காட்டுது, ரெண்டு நாள் இதுலயே போச்சு. இங்கதான் பலரும் கவனிக்காத விஷயம்: ஆன்லைன் தளங்க டிடிஎஸ் பிடிக்கிற 194ஓ பிரிவோட ரேட் 1 சதவீதமா இருந்து 2024 அக்டோபர் 1ல 0.1 சதவீதம் ஆச்சு, அதனால ஒரே வருஷத்துல ரெண்டு ரேட்.

அப்புறம் தளத்துல இருந்து செட்டில்மென்ட் ரிப்போர்ட்ட (எவ்ளோ கழிச்சு எவ்ளோ குடுத்தாங்கங்கிற கணக்கு) மாசாமாசம் இறக்கினேன். கமிஷன், கூரியர் சார்ஜ் எல்லாம் கழிச்ச மிச்சம்தான் பேங்க்குக்கு வருது, டிடிஎஸ் கழிக்கிறது மொத்த விற்பனைக்கு. மார்ச் கடைசி வார ஆர்டர் பணம் வேற ஏப்ரல்லதான் வந்துச்சு.

44ஏடில (டர்ன்ஓவர்ல ஒரு சதவீதத்த லாபமா காட்டுற சின்ன வியாபாரிங்களுக்கான பிரிவு) டர்ன்ஓவர 8.4 லட்சம்னு மாத்தி, 6 சதவீத லாபம் காட்டி, டிசம்பர் 31க்கு முன்னாடி ரிவைஸ்டு ரிட்டர்ன் (திருத்தின ரிட்டர்ன்) போட்டேன். மேட்ச் ஆயிடுச்சு, அப்பாடான்னு இருந்துச்சு.